முயல் காது வைத்த விரிப்புகள்

என் அண்ணிக்கு எதைப் பார்த்தாலும் சந்தோஷம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கூடவே இருந்து அனுபவிப்பவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இரண்டு நாள் காய்ந்து கிடந்த குழாயில் தண்ணீர் வந்தால், வாளியை வைக்காமல் முதலில் கையை நீட்டிக்கொண்டு நின்று, ஜில்லென்று இருக்கிறது வந்து பார் என்று என்னைக் கூப்பிடுவார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால், யாரோ சொத்து எழுதி வைத்த மாதிரி வீடு வந்து சேரும்வரை அதே பேச்சு. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். எங்கள் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்துச் சமாளித்ததற்காக என் அண்ணனுக்கு யாராவது ஒரு பதக்கம் கொடுத்திருக்க வேண்டும்.

அண்ணிக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. கட்டடத்துக்கு அடியில், ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத நீண்ட கூடம். ஒரு பக்கச் சுவரோடு ஆள் உயரத்துக்குச் சலவை இயந்திரங்கள், நடுவில் உலர்த்தும் இயந்திரங்கள், அதற்கப்பால் விரிப்பை ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் சுருக்கமில்லாமல் துப்புகிற இஸ்திரி உருளை, கடைசியில் மடிக்கும் மேசைகள். நான் வேலை பார்த்த பொம்மைத் தொழிற்சாலையை மூடியபோது, சூப்பர்வைசரிடம் நயமாகப் பேசி என்னையும் அங்கே சேர்த்துவிட்டவர் அண்ணிதான். மடிக்கிற வேலையில் அவர் ஒரு முனை, நான் மறுமுனை.

படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்கலாம், ஆனால் மூலையோடு மூலை சேராது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, நாலு மூலையையும் பிடித்து, ஒரு உதறு உதறி, நீளவாக்கில் இரண்டாக்கி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து கைமாற்ற வேண்டும். வீட்டில் கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடலாம். அங்கே அந்த வசதி இல்லை. காலையில் சண்டை போட்டுவிட்டுப் போனாலும், நாள் முழுக்க அவர் மூக்குக்கு நேராகப் போய்ப் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு சிரிப்பு சிரிப்பார். மதியத்துக்குள் என் கோபம் நமுத்துப் போய்விடும்.

உருளையிலிருந்து வந்த விரிப்புகள் மடித்த பிறகும் சூடாறாமல் இருக்கும். அந்த அடுக்கை அலமாரிக்குத் தூக்கிப் போகும்போது அண்ணி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி இரண்டு அடி நடப்பார். வழியில் எது இருந்தாலும் இடித்துக்கொள்வார். இந்தக் கூடத்தில் இதுதான் சம்பளத்துக்கு மேல் கிடைக்கிற சம்பளம் என்று ஒரு விளக்கம் வேறு.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் காய்ச்சல் வந்தது. முதலில் யாருக்கோ எங்கேயோ என்றார்கள். பிறகு எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. மருத்துவமனைக்குள் பார்வையாளர்கள் யாரும் வரக் கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். சலவைக்கூடத்தில் பாதிப் பேர் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, வீட்டில் குழந்தைகள் இருந்தன. மிச்சமிருந்த நாங்கள் முகத்தை மூடி, கையுறை மாட்டி, ரப்பர் அங்கி போட்டுக்கொண்டு வேர்வையில் குளித்தோம். காய்ச்சல் வார்டு மூட்டைகளைத் தொடவே பயமாக இருக்கும். அவற்றைப் பிரிக்கக் கூடாது என்பது கட்டளை. மூட்டையை அப்படியே இயந்திரத்துக்குள் கவிழ்த்து, கொதிநீரில் துவைத்த பிறகுதான் விரிப்புகளைக் கையில் எடுப்போம்.

என் அண்ணன் லாரியில் பாரம் கட்டுகிறவன். அரிசி மூட்டையோ அலமாரியோ, ஏற்றி முடித்ததும் மேலே ஏறிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது அவன் வேலை. ஊரே அடைந்து கிடந்தபோதும் லாரிகள் நிற்கவில்லை, அவனும் நிற்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதிக்க வந்து படுத்தான். மறுநாள் மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸில் கூட்டிப் போனார்கள். எங்கே என்கிறீர்கள்? நாங்கள் வேலை பார்க்கிற அதே மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் இருந்த காய்ச்சல் வார்டுக்கு. நாங்கள் தரைக்குக் கீழே, அவன் எங்கள் தலைக்கு மேலே. நடுவில் எங்களை ஏறவிடாத மாடிப்படி. அவசரத்தில் போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். அது அலமாரி மேல் கிடந்து, அவன் லாரிக்காரர்கள் கூப்பிடும்போதெல்லாம் மணியடித்துக்கொண்டே இருந்தது.

விசாரணை எண்ணுக்கு நான்தான் போன் செய்வேன். நான் அவரோட தங்கச்சி பேசறேன் என்று ஆரம்பித்தால், நிலைமை அப்படியே இருக்கிறது என்று ஒரே பதில் வரும். ஒரு தடவை மட்டும் வார்டின் தலைமை நர்ஸே எடுத்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார். மருந்து போகிறது, ஆனால் ஆள் சாப்பிட மாட்டேன் என்கிறார், சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருக்கிறார், பக்கத்துக் கட்டில்கள் இரண்டு காலியானதைப் பார்த்ததிலிருந்து அப்படி. இப்படியே விட்டால் உடம்பு தாங்காது என்றார். அண்ணியிடம் அதை அப்படியே சொன்னேன். அன்றைக்கு மடித்தபோது முதல் தடவையாக அவர் பக்கத்து மூலை என் கைக்குச் சேராமல் கோணலாக வந்தது.

மறுநாள் காலையில் அவர் ஒரு காரியம் செய்தார். மூன்றாவது மாடிக்குப் போகிற விரிப்புகளை மடித்து முடித்ததும், மேல் மூலையை மட்டும் வெளியே இழுத்துக் கூராக மடித்து நிமிர்த்தி வைத்தார். எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில் அண்ணனோடு சண்டை வந்தால், அண்ணி பேசிச் சமாதானம் ஆக மாட்டார். அவன் துண்டை முயல் மாதிரி மடித்துத் தலையணை மேல் உட்காரவைத்து விடுவார். அதைப் பார்த்ததும் அவன் சிரித்துவிடுவான். இதில் அவன் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் அப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டதுண்டு. எந்த விரிப்பு எந்தக் கட்டிலுக்குப் போகும் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் அண்ணி அந்த வார்டுக்குப் போகிற அத்தனை விரிப்புக்கும் காது வைத்தார். நேரம் இல்லாததால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு காது.

சாயங்காலம் சூப்பர்வைசர் தாம்தூம் என்று குதித்துக்கொண்டு வந்தார். மூன்றாவது மாடியில் படுக்க விரிப்பு இல்லை, புது நோயாளிகளை வெறும் மெத்தையில் படுக்கவைத்திருக்கிறார்கள், காலையில் அனுப்பிய அத்தனையும் தையல் அலமாரியில் கிடக்கின்றன என்றார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கிழிந்த விரிப்பு கண்ணில் பட்டால் அதன் ஒரு மூலையை வெளியே மடித்து வைப்பது அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். தையல்காரருக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். வருஷக்கணக்காக எங்கள் கையாலேயே அப்படி மடித்திருக்கிறோம். முயல் நினைப்பில் அது எங்கள் இரண்டு பேருக்குமே மறந்து போயிற்று. வார்டில் இருந்தவர்கள் இத்தனை கிழிசலா என்று நொந்துகொண்டு, மொத்தத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

அண்ணி மழுப்பவில்லை. தான்தான் செய்தது என்றும், எதற்காக என்றும் சொன்னார்.  சூப்பர்வைசர் கடுகடுவென்ற ஆள். எங்களிடம் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மேசையில் கிடந்த ஒரு விரிப்பை எடுத்து அதன் ஒற்றைக் காதை நிமிர்த்திப் பார்த்தார்.

"முயலுக்கு ரெண்டு காதுதானே? ரெண்டா வைங்க. ஒண்ணுன்னா தையல், ரெண்டுன்னா முயல். நான் மேல போன் பண்ணிச் சொல்லிடறேன்."

சொல்லிவிட்டு, இதனால் மடிப்பு தாமதமானால் தொலைத்துவிடுவேன் என்று ஒரு அதட்டலும் போட்டுவிட்டுப் போனார். மனுஷன் மேல் எனக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

அதிலிருந்து இரண்டு காது. எனக்கு வேலை இரட்டிப்பானதுதான் மிச்சம் என்று முணுமுணுத்தேன். முணுமுணுத்தாலும் என் பக்கத்துக் காதை நான் ஒழுங்காகவே நிமிர்த்தினேன். சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. போனிலும் அதே பழைய பதில்தான். பிறகு ஒரு காலை, துவைத்து வந்த ஈர விரிப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒன்றின் மூலை கல் மாதிரி கையில் தட்டியது. முடிச்சு. எங்கள் தொழிலில் முடிச்சைப் போல எரிச்சலூட்டுவது எதுவும் கிடையாது. உள்ளே அழுக்குப் போகாது, உருளையில் சிக்கினால் உருளையே நின்றுவிடும். எந்தப் புண்ணியவான் போட்டானோ என்று ஆரம்பித்தேன். அண்ணி என் கையிலிருந்து அதைப் பிடுங்கினார்.

அது லாரிக்காரர்கள் போடுகிற முடிச்சு. எவ்வளவு பாரம் இழுத்தாலும் இறுகுமே தவிர அவிழாது. ஆனால் வால் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் மொத்தமாகக் கழன்றுவிடும். அண்ணி நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தார். சடக்கென்று அவிழ்ந்தது. அவர் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்து உட்கார்ந்திருக்கார். படுத்துக்கிட்டு இதைக் கட்ட முடியாது" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகக்கவசத்துக்குள் அழுவது எவ்வளவு அவஸ்தை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் தினமும் ஒரு முடிச்சு வந்தது. மூன்றாவது மாடி மூட்டை வெந்து வெளியே வருகிற நேரத்துக்கு, மற்ற வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் வந்து நிற்பார்கள். முடிச்சு யார் கையில் தட்டுப்படுகிறதோ அவருக்கு அன்றைக்கு முதல் டீ. அண்ணி வைத்த சட்டம்தான். அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் ஏதோ ஒரு கவலை இருந்தது. ஒருத்திக்குப் புருஷன் வேலை போயிருந்தது. இன்னொருத்தி அம்மாவைப் பறிகொடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஆனால் அந்தக் கால் மணி நேரம் மட்டும் எல்லோரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு ஈரத் துணியைத் துழாவுவோம். அம்மாவை இழந்தவள் ஒரு நாள் முடிச்சைக் கண்டுபிடித்துவிட்டு, டீயை உறிஞ்சி உறிஞ்சி எங்களைப் பார்த்துப் பழிப்புக் காட்டினாள். அதைப் பார்த்து அண்ணி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒரு நாள் முடிச்சு வரவில்லை. ஏதோ மறந்திருப்பான் என்றோம். மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் நான் எல்லா விரிப்பின் நாலு மூலையையும் இரண்டு தடவை தடவிப் பார்த்தேன். போன் செய்தால் நிலைமை அப்படியே இருக்கிறது என்றார்கள். அதற்குமேல் கேட்டால் இணைப்பைத் துண்டித்தார்கள். அந்தப் பதிலை நம்பிக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்கு மறுநாளே வேறு செய்தி போன கதை எங்கள் தெருவிலேயே உண்டு. 

அண்ணி அன்றைக்கும் எல்லா விரிப்புக்கும் காது வைத்தார். சூடான அடுக்கைத் தூக்கினார், நெஞ்சோடு அணைத்தார், கண்ணை மூடினார். அம்மாவை இழந்தவளைக் கூப்பிட்டு, நீயும் கொஞ்சம் பிடித்துப் பார், நல்ல சூடு என்று பாதியை அவள் கையில் கொடுத்தார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எல்லோர் முன்னாலும் கத்தினேன். என் அண்ணன் இருக்கிறானா இல்லையா என்று தெரியவில்லை, உங்களுக்கு இங்கே குளிர் காய்கிற ஆசையா என்று கேட்டேன்.

 அண்ணி அடுக்கைக் கீழே வைக்கவில்லை.

"எனக்கும் தெரியல. ராத்திரி பூரா அதான் நினைப்பு. ஆனா இது சூடா இருக்கறது நிஜம்தானே? இதையும் விட்டுட்டா நாளைக்கு நான் எழுந்து வேலைக்கு வரமாட்டேன். நான் வரலைன்னா அவருக்கு விரிப்பு யாரு அனுப்பறது?"

சொல்லிவிட்டு, மிச்சமிருந்த அடுக்கை என் கையில் திணித்தார். நான் வாங்கிக்கொண்டேன். சூடாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன், உள்ளே ஏதோ ஒன்று இளகிற்று. இருபது வருஷமாக இந்தப் பெண்ணை விவரம் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கவலை தெரியாததால் சிரிக்கிற ஆள் இல்லை அவர். ஒவ்வொரு நாளும் பிடித்து இழுத்துத்தான் அந்தச் சிரிப்பைக் கொண்டுவருகிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதற்கு மறுநாள் முடிச்சு வந்தது. எனக்குத்தான் தட்டுப்பட்டது. கத்திக்கொண்டே அண்ணியிடம் ஓடினேன். அவர் நுனியைப் பிடித்து இழுத்தார். அவிழவில்லை. மறுபடி இழுத்தார். இன்னும் இறுகியது.  அண்ணி அதை விளக்குக்கு அடியில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் சுற்று சரி, இரண்டாவது சுற்று சரி, மூன்றாவது மட்டும் பக்கம் மாறிப் போயிருக்கிறது என்று காட்டினார். அண்ணன் தூக்கத்தில் கட்டினாலும் அந்தத் தப்பு வராது. வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள்.

அவன் சொல்லிக் கொடுத்துத்தானே கட்டியிருக்க முடியும் என்று ஒருத்தி சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு வேறொரு நினைப்பு வந்தது. என்றைக்கோ சொல்லிக் கொடுத்திருப்பான். அவன் போன பிறகு, பாவம் என்று யாரோ நமக்காகக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணியின் கண்ணைப் பார்த்தால் அவருக்கும் அதே நினைப்புதான் என்று தெரிந்தது. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். ஜன்னலோர இடத்தை அவருக்குக் கொடுத்தேன்.

மறுநாள் இன்னொரு முடிச்சு. அதே தடித்த கை, அதே அரைகுறை இறுக்கம். அண்ணி இழுக்காமல் முதலில் சுற்றுகளைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது சுற்று சரியான பக்கம் போயிருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தார். திணறித் திணறி, ஆனால் அவிழ்ந்தது.

"யாரோ திருத்தியிருக்காங்க" என்றார் அண்ணி. "நேத்து தப்பாக் கட்டினவனை, இன்னைக்குப் பக்கத்துல இருந்து யாரோ திருத்தியிருக்காங்க. இந்த முடிச்சைத் திருத்தத் தெரிஞ்சவர் அந்த மாடியில ஒருத்தர்தான்."

நாங்கள் போட்ட சத்தத்தில் சூப்பர்வைசர் இயந்திரம் ஏதோ வெடித்துவிட்டது என்று ஓடி வந்தார்.

பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். அடுத்த வாரம் ஒரு விரிப்பில் அல்ல, ஐந்தில் முடிச்சு, அப்புறம் பத்தில், ஒரு நாள் மூட்டையில் முடிச்சில்லாத விரிப்பைத் தேட வேண்டியதாகிவிட்டது. வார்டே கட்டக் கற்றுக்கொண்டுவிட்டது. சில முடிச்சுகளை அவிழ்க்கக் கரண்டிக் காம்பு தேவைப்பட்டது, சிலவற்றை அவிழ்ப்பதற்குள் எனக்கு நகம் போயிற்று. எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி துவைக்க வேண்டும். இப்படி ஒரு இம்சையை நாமே விலைக்கு வாங்கினோமே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணி ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பேர் வைத்தார். இது அவசரக்காரர், இது கருமி, இது இன்றைக்குத்தான் உட்கார ஆரம்பித்தவர். ஒரு கஷ்டமான முடிச்சை எடுத்து, இவர் பெண்டாட்டியிடம் ரொம்பப் பயந்தவர் என்று அவர் சொன்னபோது, இத்தனை நாளில் முதல் தடவையாகச் சூப்பர்வைசரே வாய்விட்டுச் சிரித்தார்.

அண்ணனை அனுப்புகிறோம் என்று போன் வந்த நாள், வேலை நேரத்திலேயே அங்கிகளைக் கழற்றிவிட்டு நாங்கள் பின்பக்க வாசலுக்கு ஓடினோம். குணமானவர்களை அந்த வழியாகத்தான் விடுவார்கள். வாசலில் ஒரு சங்கிலி, அதன் பக்கத்தில் காவலாளி. மனைவி என்று சொல்லி அண்ணி முதலில் உள்ளே போய்விட்டார். நான் சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் அண்ணன் வந்தான். பாதி ஆளாகியிருந்தான். கைகள் மடியில் கிடந்து நடுங்கின. முடிச்சு நின்றுபோன அந்த நாட்களில் அவனுக்கு ஒரு விரலைக்கூட மடக்க முடியவில்லையாம். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓட்டல் சமையல்காரர்தான், முடிச்சில்லாமல் விரிப்பு போனால் கீழே தேடுவார்களே என்று அவன் தவித்ததைப் பார்த்துக் கட்டியிருக்கிறார். வாயில் குழாய் இருந்ததால் அண்ணனால் பேச முடியாது. முதல் நாள் அவன் கண்ணயர்ந்திருந்தபோது கட்டியதாம், மறுநாளிலிருந்து தப்பாகச் சுற்றினால் தலையை மட்டும் ஆட்டுவானாம்.

அந்தச் சமையல்காரரும் அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போகிறார். பெரிய உடம்பு, பெரிய குரல். என் அண்ணி யார் என்று தெரிந்ததும் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். நர்ஸ் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அம்மா, புதுசா வர்றவங்க மொத ராத்திரி பயந்து அழுவாங்க. காலையில முயல் வரும், பொறுத்துக்கன்னு சொல்லுவோம். நிறைய பேரு அதுக்காகவே காலை வரைக்கும் தாக்குப் பிடிச்சாங்க" என்றார்.

 அண்ணி குனிந்து அண்ணனின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை அங்கிருந்தே பார்த்தேன். எத்தனையோ வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகை. அதற்குமேல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சங்கிலியைத் தாண்டப் போனேன். காவலாளி கையை நீட்டித் தடுத்தார். ஒரு நோயாளிக்கு ஒரு சொந்தக்காரர்தான், அவங்க ஏற்கெனவே போயாச்சு, நீங்க யாரு, அவருக்கு என்ன வேணும் என்று கேட்டார்.

எத்தனையோ தடவை போனில் சொல்லிச் சொல்லிப் பழகிய 'தங்கச்சி' என்ற பதில், நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது அது வரவில்லை. நான் நாற்காலிப் பக்கம் கையைக் காட்டி, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"முயல் காது வைக்கறவங்க அதோ நிக்கறாங்க பாருங்க. நான் அவங்க நாத்தனார்."